இழை பிசகினால் எவர் அறிவார்?

இம்மலரின் முகப்பு அட்டையைப் புரட்டிக்கொண்டு உள்ளே வந்திருக்கும் அன்பர்கள் ஒரு கணம் திரும்பிச் சென்று அதனை மறுபடியும் பார்த்து வருதல் நன்று. அங்கே ஒரு கோலம் இருக்கிறது. அதன் இடப்புறத்து வளைவொன்று வலப்புறத்து வளைவைவிடச் சற்றே பருத்திருக்கிறது. தலைப்பில் உள்ள ழகரத்தின் கால் வேண்டிய அளவுக்கு மேல் நீண்டிருக்கிறது. அச்சகத்தார் செய்த பிழை என்று எவரும் கருதிவிட வேண்டா. கையால் வரைந்த கோடு அது. அட்டை இவ்வாறு அமைந்ததற்குப் பின்னே எங்களுக்குள் ஒரு வழக்கு நடந்தது. வழக்கைத் தொடுத்தவர்கள் நாங்கள் ஆதலின், எங்கள் பக்கத்து நியாயத்தை ஊரறிய எடுத்துரைக்கும் கடமையும் எங்களையே சார்ந்தது.

சென்ற ஆவணித் திங்களில் மலர்க்குழு கூடிற்று. சாந்த்ராகாச்சி இரயில் நிலையத்துக்கு அண்மையில் ஓர் அன்பர் இல்லம். மழை ஓயாத மாலை. முகப்பு அட்டைக்கு என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தபோது, கணிப்பொறித் துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியை எடுத்து ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார். நாங்கள் காப்பிக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் படம் வந்துவிட்டது. ஒரு கோபுரம், அதன் பின்னே ஹௌரா பாலம், முன்னே குத்துவிளக்கு, பட்டுடுத்திய பெண்ணொருத்தி குனிந்து கோலமிடுகிறாள், மேலே வளைந்த வரியில் தமிழ் எழுத்துக்கள். வண்ணங்களோ கண்ணைப் பறித்தன. கை தட்டாதவர் இல்லை. நாங்களும் தட்டினோம் என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு காசும் செலவில்லை என்று கேட்ட பொருளாளரின் முகத்தில்தான் எத்துணை மலர்ச்சி!

அப்போது அறையின் மூலையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவரின் துணைவியார். தஞ்சை மாவட்டத்திலிருந்து மணமகளாய் இவ்வூருக்கு வந்து ஐம்பது மார்கழிகளை இங்கே கண்டவர். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏம்ப்பா, இந்தக் கோலம் எத்தனை புள்ளி?"

இளைஞர் சிரித்தார். "பாட்டி, இது மெஷின் போட்டது. புள்ளிக் கணக்கெல்லாம் அதுக்குத் தெரியாது."

"அப்போ இது கோலம் இல்லப்பா. கோலம் மாதிரி."

பிறகுதான் நாங்கள் உற்று நோக்கினோம். மூன்று இடங்களில் இழை புள்ளியின் மீதே ஏறிச் சென்றிருந்தது. ஓர் இழை அப்பெண்ணின் காலருகே வந்து முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பிறிதோரிடத்தில் இரண்டு இழைகள் ஒன்றாகி, அந்த ஒன்றும் எங்கோ மறைந்துவிட்டது. தலைப்பு எழுத்துக்களைப் படிக்க முயன்றோம். முதலாவது ககரம் போலிருந்தது, ககரம் அன்று. அடுத்தது ணகரத்தின் பாதியை நகரத்தோடு ஒட்டியது போலிருந்தது. அவற்றுள் ஒன்றேனும் நம்முடைய 247 எழுத்துக்களில் இல்லை.

பிழை கண்டதில் எங்களுக்கு வியப்பில்லை. எங்களைத் திடுக்கிட வைத்தது வேறு. அவ்வறையில் நான்கைந்து பிள்ளைகள் இருந்தனர். எல்லாரும் நம் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் ஆங்கிலமும் வங்கமும் இந்தியும் படிப்பார்கள். அவர்களுள் ஒரு சிறுமி, நாங்கள் பிழையைச் சுட்டிய பின்னரும், "தமிழ் எவ்வளவு அழகா எழுதியிருக்கு" என்றாள். அவளுக்குத் தமிழ் எழுத்து ஒரு படம். படத்தில் உண்மைப் படம், பொய்ப் படம் என்ற வேறுபாடு அவளுக்கு ஏது? பத்துப் பேர் கூடிய தமிழர் அவையில், தமிழே அல்லாத ஒன்றைத் தமிழ் என்று கைதட்டி அச்சேற்ற இருந்தோம். ஒரு மூதாட்டி அன்று தலைவலி என்று வீட்டில் படுத்திருந்தால், அந்த அட்டை இன்று உங்கள் கையில் இருக்கும்.

"அடுத்த ஆண்டு பாருங்கள், எழுத்தும் சரியாகும், கோலமும் சரியாகும்" என்று அந்த இளைஞர் வாதிட்டார். அதனை நாங்கள் மறுக்கவில்லை. 2022-ஆம் ஆண்டில் இத்தகைய படக்கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தபோது மனிதக் கையில் ஆறு விரல் இருந்தது; இன்று பெரும்பாலும் ஐந்துதான் இருக்கிறது. எழுத்தும் நாளுக்கு நாள் தேறிவருகிறது. ஆகவே, இயந்திரம் தவறு செய்கிறது என்னும் மணல்மேட்டின் மீது நின்றுகொண்டு வாதிடுவார் தோற்பார், வெள்ளம் வந்துகொண்டிருக்கிறது. எங்கள் வழக்கு வேறு. இயந்திரம் சரியாகச் செய்தாலும் பிசகாகச் செய்தாலும், அது சரியா பிசகா என்று சொல்லவல்ல கண் எங்கே உருவாகிறது? புள்ளி வைத்து, இழை இழுத்து, தவறி, காலால் அழித்து, மறுபடியும் இழுத்த கையிலேதான் அக்கண் உருவாகிறது என்கிறோம். கையை ஓய்வுபெற வைத்துவிட்டுக் கண்ணை மட்டும் பணியில் வைத்துக்கொள்ள இயலாது. வடிவமைப்பை இயந்திரம் செய்யட்டும், மேற்பார்வையை மனிதர் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசும் மேதாவிகள் இந்த ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்களைப் பழமைவாதிகள் என்று சிலர் கூறினர். தமிழர் இயந்திரத்துக்குப் பகைவர் ஆனது என்று? 1578-ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் அச்செழுத்தில் வெளிவந்துவிட்டது. 1713-இல் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துக்கள் வந்தன. தமிழ் வழங்காத ஊரில் செய்யப்பட்ட அவ்வெழுத்துக்கள் மிகப் பெரியனவாய்த் தாளை விழுங்கின. பின்னர்த் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எழுத்து வழங்கும் மண்ணில், அதனை நாள்தோறும் காணும் மனிதர் நடுவே, எது போதும் எது மிகை என்பது புலப்படுகிறது.

நாம் வாழும் இம்மண்ணிலும் அதே கதைதான். ஹூக்ளி ஆற்றின் இதே மேற்குக் கரையில், நமக்கு வடக்கே சில மைல் தொலைவில் இருக்கிறது ஸ்ரீராம்பூர். அதற்கும் வடக்கே ஹூக்ளி நகரம். அங்கேதான் 1778-இல் ஹால்ஹெட் எழுதிய வங்க இலக்கண நூல் அச்சாயிற்று. அதற்கான வங்க எழுத்துக்களை உருவாக்கியவர் சார்லஸ் வில்கின்ஸ் என்று புத்தகங்கள் கூறும். அவரோடு நின்று எஃகில் எழுத்தை வெட்டியவர் பஞ்சானன் கர்மகார் என்னும் கொல்லர். எழுத்தைத் தலைகீழாய், இடவலம் மாறி, எஃகு முனையில் மயிரிழை பிசகாது செதுக்குவது எளிய செயலா? பின்னர் ஸ்ரீராம்பூர் அச்சகத்துக்கு அவர் சென்றார். அவருக்குப் பின் மருமகன் மனோகர் கர்மகார் அத்தொழிலைத் தொடர்ந்தார். இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வந்தது. எழுத்தை அதற்குக் கற்பித்தவன் இந்த ஆற்றங்கரைக் கொல்லன். அவன் பெயரும் நம்மிடம் இருக்கிறது.

தமிழ் எழுத்தின் வடிவமும் மாறாத ஒன்றன்று. 1935-இல் பெரியார் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துக்களை 1978-இல் தமிழக அரசு ஏற்றது. லை, ளை, ணை, னை ஆகியவற்றின் தலையில் இருந்த யானைத் துதிக்கை போனது. எங்களுள் மூத்தவர்கள் அதற்காகச் சில நாள் வருந்தியதுண்டு. ஊரிலிருந்து வரும் கடிதங்களில் துதிக்கையைத் தேடியதும் உண்டு. தட்டச்சுப் பொறிக்கும் அச்சுக் கோப்பவருக்கும் அம்மாற்றம் எளிமை தந்தது. பின்னர்க் கணிப்பொறி வந்தபோது, விண்டோஸில் இடம்பெற்ற 'லதா' என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கியவர் ஆர். கே. ஜோஷி. அவர் தமிழரல்லர்; மராட்டியர். ஆயினும் தூரிகை பிடித்து எழுத்தோவியம் பயின்று ஆண்டுக்கணக்கில் கையைப் பழக்கியவர். பழகிய கை அயல்மொழி எழுத்தின் நெளிவையும் கற்றுக்கொள்கிறது. எனவே, தமிழருக்குத்தான் தமிழ் எழுத்து வரும் என்னும் குறுகிய வாதத்தையும் நாங்கள் முன்வைக்கவில்லை.

கோலத்துக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவோ பலர் எண்ணுவதைவிடப் பழையது. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, அவர்தம் துணைவியார் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-ஆம் ஆண்டிலேயே கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையை உலகக் கணிப்பொறி வரைகலை இதழொன்றில் வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலப் படத்துக்கும் இலக்கணம் உண்டு. சில அடிப்படை உருக்களையும் சில விதிகளையும் கொண்டு எண்ணிறந்த கோலங்களைப் பிறப்பிக்கலாம் என்பது அவர்கள் காட்டிய வழி. நம் வாயிற்படியில் பாட்டியர் அரிசி மாவால் எழுதிவந்தது கணித அறிவு என்று உலக அறிஞர்கள் அறிந்துகொண்டனர். அந்த ஆய்வின் நெறியை நாம் ஊன்றி நோக்க வேண்டும். எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா சந்துப்புள்ளியா, இழை எப்புறம் திரும்புகிறது, எங்கே தொடங்கிய இடத்தையே வந்தடைகிறது என்று கோலத்துக்கு உள்ளே புகுந்து விதியைத் தேடினார்கள். கணிப்பொறி அந்த விதியை ஏற்றுப் பணி செய்தது. அங்கே பாட்டியின் கேள்விக்கு விடை இருந்தது.

இன்றைய படக்கருவி செல்லும் வழி வேறு. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு ஒட்டிய சொற்குறிப்புகளையும் அதற்கு ஊட்டுகிறார்கள். 2022-இல் வெளிவந்த 'லயான்-5பி' என்னும் தொகுப்பில் மட்டும் 585 கோடிப் படங்களின் இணைய முகவரிகள் அடங்கியிருந்தன. இரைச்சல் மட்டுமே நிறைந்த ஒரு புள்ளிப்படலத்திலிருந்து தொடங்கி, கேட்ட சொல்லுக்கு எது பொருத்தமாய்த் தோன்றும் என்று படிப்படியாய்த் தேற்றி ஒரு படத்தை அது பிறப்பிக்கிறது. கோலம் எப்படித் தோன்றும் என்பதை அது அறியும். கோலம் எப்படிப் பிறக்கும் என்பதை அறியாது. வாயிற்படியில் முதலில் வருவது புள்ளி. புள்ளி வைத்தபோதே, இத்தனையையும் சுற்றி வளைத்து ஒன்றையும் விடாமல் ஒன்றின் மீதும் ஏறாமல் முடித்துவிடுவேன் என்று வரைபவள் ஒப்பந்தம் செய்துவிடுகிறாள். படக்கருவிக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் மங்கலிலிருந்து தெளிந்து வருகின்றன. நாளை அது பிழையின்றிச் செய்யலாம். அப்போதும் அது எவருக்கும் எதையும் ஒப்புக்கொண்டு செய்ததாகாது.

வடிவமைப்பு என்றதும் அழகுபடுத்துதல் என்று நம்மவர் பொருள்கொள்கின்றனர். இரயில் நிலையத்தை ஒட்டிய நம் சாந்த்ராகாச்சி ஏரிக்கு அவர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். கார்த்திகை பிறந்தால் சீழ்க்கைச் சிறகிகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் அந்நீர்நிலையில், ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். பறவைகள் வருமுன் ஆண்டுதோறும் அதனை அகற்ற வேண்டும். முழுவதும் விட்டுவைத்தால் நீரே தெரியாது. பறவை எங்கே நீந்தும்? முழுவதும் அகற்றினால் பறவை எங்கே அமரும்? ஆகவே இதனை அறிந்தவர்கள் கொடியைத் திரட்டி, ஏரியின் நடுவே சிறு சிறு தீவுகளாக விட்டுவைக்கிறார்கள். எத்தனை தீவு, எவ்வளவு பெரியது, கரையிலிருந்து எத்துணைத் தொலைவு என்பனவெல்லாம் அங்கே முடிவு செய்யப்படுகின்றன. அந்தத் தீவுகளை அழகு என்று எவரும் படம் பிடிப்பதில்லை. தீவின் மேல் அமர்ந்த பறவையைத்தான் படம் பிடிக்கிறார்கள். ஆனால் நாங்கள் அறிந்த வடிவமைப்புகளுள் அதுவே மிகச் சிறந்தது. பறவையின் நிலையில் தன்னை வைத்து எண்ணிய ஒருவர் அங்கே இருந்தார். முடிவு தவறானால் அவ்வாண்டு பறவை குறையும். அவர் கரையில் நின்று அதனைக் காண வேண்டியிருக்கும்.

பார்த்துக் கற்பது என்பதற்குக் கல்கத்தாவிலேயே ஒரு கதை உண்டு. நம் அரசியல் சட்டத்தின் மூலப்படியை ஓவியங்களால் அணிசெய்யும் பணி சாந்திநிகேதனத்து நந்தலால் போஸிடம் ஒப்படைக்கப்பட்டது. சாரநாத்துச் சிங்கங்களை வரையும் பொறுப்பை அவர் தம் மாணவர் தீனநாத் பார்கவாவுக்கு அளித்தார். சிங்கம் எப்படி நிற்கிறது, எப்படி நோக்குகிறது என்று கண்டு வர அலிப்பூர் விலங்குக்காட்சிச் சாலைக்குப் பலமுறை அவர் சென்றார் என்று அவர் குடும்பத்தார் கூறியதைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. கல்லில் செதுக்கிய சிங்கம் கண்முன்னே இருந்தது. அதைப் பார்த்து எழுதினால் போதாதா? போதாது என்று அவ்வாசிரியர் கருதியிருக்கிறார். மாதிரியைப் பார்த்து மாதிரியை எழுதினால் நாளடைவில் என்ன மிஞ்சும் என்பதை அறிந்தவர் அவர். இணையத்தில் இன்று குவியும் படங்களில் படக்கருவி பெற்றெடுத்தவையே பெருகிவருகின்றன. அடுத்த தலைமுறைக் கருவி அவற்றையும் சேர்த்தே உண்டு வளரும்.

இங்கே எங்கள் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் நாங்களே எடுத்து வைக்கிறோம், மறைத்தல் நேர்மையன்று. வங்கத்தின் பாலுசரிப் பட்டுச் சேலையை நம் பெண்மணிகள் அறிவர். அதன் பழைய முறை நெசவில் கடைசிப் பெரும் கலைஞர் துபராஜ் தாஸ். தாம் நெய்த சேலையில் தம் பெயரையும் நெய்து வைத்தவர் அவர். அவருக்குப் பின் அந்தக் கை ஓய்ந்தது. சேலைகள் பேழைகளில் இருந்தன. நெய்யும் வழிதான் இல்லை. 1950-களில் சுபோ தாகூர் என்னும் கலைஞர் முயன்று, விஷ்ணுபுரத்து நெசவாளர் அட்சய குமார் தாஸ் என்பவரைக் கொண்டு, துளையிட்ட அட்டைகளால் இயங்கும் ஜக்கார்டுத் தறியில் அதனை மீட்டார். இழந்த கலையை இயந்திரம் மீட்டுத் தந்தது உண்மை. அந்தத் துளையட்டையோ கணிப்பொறிக்கே முன்னோடி எனப்படுவது. ஆனால் எப்படி மீட்டது? ஒரு நெசவாளர் பழைய சேலையின் முன் அமர்ந்து இழை இழையாய் நோக்கிப் படித்தபின் மீட்டது. அவர் ஏற்கெனவே தறியில் அமர்ந்தவராதலின் அவரால் படிக்க முடிந்தது. துபராஜோடு தறிக்குழியே மூடப்பட்டிருந்தால் அந்தச் சேலை இன்றும் அருங்காட்சியகத்தில் ஒரு படமாகவே இருந்திருக்கும்.

தொழிலைப் பற்றிப் பேசும்போது கூலியைப் பற்றிப் பேசாதிருத்தல் ஆகாது. இதே ஹௌரா மாவட்டத்தில் பாஞ்ச்லாப் பக்கம் வீடுதோறும் சரிகைப் பூவேலை. டோம்ஜூர்ப் பக்கம் பொற்கொல்லர். வங்காளத்துப் பொற்கொல்லர் பலர் இன்று கோயம்புத்தூர் நகைப் பட்டறைகளில் அமர்ந்திருக்கின்றனர். நம் பெரியவர்கள் பிழைப்புத் தேடி ஏறிவந்த தண்டவாளத்தில் அவர்கள் எதிர்த்திசையில் செல்கின்றனர். சாந்த்ராகாச்சி நடைமேடையில் ஒருவர் மூட்டையின் மீது மற்றவர் அமர்ந்து வண்டிக்குக் காத்திருந்ததும் உண்டு. பூவேலைக்குக் கணிப்பொறித் தையல் வந்துவிட்டது. நகைக்குக் கணிப்பொறி வரைபடமும் மெழுகு அச்சும் வந்துவிட்டன. இப்போது வரைபடத்தையும் நொடியில் தரும் கருவி வருகிறது. அந்தக் கருவி கற்றது யாரிடம்? பெயரறியாத ஆயிரம் கைகள் இட்ட பூவிலிருந்தும் கொடியிலிருந்தும் அன்றோ? கற்றுக்கொடுத்தவனுக்குக் காசு இல்லை. கற்றதைக் காட்டி அவன் கூலியைக் குறைக்கும் உரிமை மட்டும் வணிகனுக்கு உண்டு! 2023 ஜனவரியில் அமெரிக்காவில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் என்னும் ஓவியர் மூவர், தம் படங்களைக் கேளாமல் எடுத்துக் கருவிக்கு ஊட்டினர் என்று நிறுவனங்களின் மீது வழக்குத் தொடுத்தனர். அவர்களுக்கு வழக்கறிஞரும் நீதிமன்றமும் உண்டு. பாஞ்ச்லாவில் வெள்ளை நூல் கோத்துக்கொண்டிருப்பவர் எந்த மன்றத்தின் படியேறுவார்?

வணிகரை ஏசுவதோடு நின்றால் நாங்களும் மேடைப் பேச்சாளராகிவிடுவோம். நம் முற்றத்தையும் கூட்ட வேண்டும். கோலத்தைப் பறித்தது செயற்கை நுண்ணறிவு என்று எவரேனும் சொன்னால் அது பொய். ஒட்டுக் கோலத்தை வாங்கி வாயிலில் ஒட்டியவர்கள் நாம். எந்தக் கருவியும் பிறப்பதற்கு முன்பே ஒட்டினோம். நம் அண்டை வீட்டு வங்கப் பெண்மணிகளும் இலட்சுமி பூசைக்கு ஆல்பனாவை ஒட்டத் தொடங்கிவிட்டனர் என்பது நமக்கு ஆறுதலாகாது. 1919-லேயே அவனீந்திரநாத் தாகூர் விரத ஆல்பனாக்களைத் தொகுத்து நூலாக்கிய மண் இது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இடமில்லை என்கிறோம். உண்மைதான். ஆனால் ஒரு பலகையும் ஒரு சுண்ணக்கட்டியும் வைக்க எந்தக் குடியிருப்பில் இடமில்லை? ஏழு வயதுப் பிள்ளையைக் கணிப்பொறி நிரல் எழுதும் வகுப்புக்குக் கட்டணம் செலுத்தி அனுப்பும் நாம், புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலத்தை முடித்தால் அதே ஒழுங்கு மனத்தில் பதியும் என்பதை மறந்தோம். தாம்பரத்துப் பேராசிரியர்கள் அரை நூற்றாண்டுக்கு முன் சொன்னதை நாம் கேட்கவில்லை.

இன்னுமொன்று. இதைச் சொல்லும்போது எங்களுக்கே நாணம் வருகிறது. இத்தனை ஆண்டு மலர்களுக்கும் அட்டை வரைந்தவர்கள் உண்டு. அவர்களுள் எவருக்கேனும் நாம் ஊதியம் கொடுத்தோமா? பந்தலுக்குக் கொடுத்தோம், ஒலிபெருக்கிக்குக் கொடுத்தோம், சென்னையிலிருந்து வந்த பாடகருக்கு இரயில் கட்டணமும் தங்குமிடமும் கொடுத்துப் பொன்னாடையும் போர்த்தினோம். அட்டை வரைந்தவருக்கு, "நம்ம பையன்தானே" என்று ஒரு கோப்பை காப்பி கொடுத்தோம். கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலும் பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போன ஆண்டுகளும் உண்டு. காசில்லாமல் படம் தரும் கருவி வந்ததும் நாம் இவ்வளவு எளிதாய் அதன்பால் சாய்ந்தோமெனில், அதற்கு முன்னரே ஓவியனைக் காசில்லாத கருவியாய்க் கருதிப் பழகியிருந்தோம் என்பதே காரணம்.

அந்த இளைஞரைப் பற்றி ஒரு சொல். அவர் எங்கள் பகைவர் அல்லர். வழக்கு முடிந்த மறுவாரம் அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் சென்று, ஏழு புள்ளி நேர்க் கோலம் ஒன்றைக் கற்றுக்கொண்டு, அதற்கு விதி எழுதிக் கணிப்பொறியில் வரைய வைத்தார். இம்முறை இழை எங்கும் தொங்கவில்லை. பாட்டி அதனைப் பார்த்து எண்ணிவிட்டுச் சரி என்றார். நாங்கள் வேண்டுவது இந்த வரிசைதான். கேள்வி கேட்டவர் முதலில், கருவி பின்னால்.

அட்டையை வரைந்தவள், பொய்த் தமிழை அழகு என்று வியந்த அதே சிறுமி. மூதாட்டியிடம் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றாள். எழுத்துக்களைச் சதுரக் கட்டத் தாளில் பென்சிலால் எழுதி அழித்து, எழுதி அழித்து, தலைப்பை முடித்தாள். நீண்டுவிட்ட ழகரத்தின் காலைத் திருத்தட்டுமா என்று அவளே வந்து கேட்டாள். எவரும் சொல்லாமல் அவள் கண்ணுக்கே அது பட்டுவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம்.

வரும் தை முதல் நாளன்று, எப்போதும் போல் மன்றத்தின் முன்வாயிலில் கோலப் போட்டி நடைபெறும். அரிசி மாவு மன்றத்தின் செலவு. பங்கேற்போர் கைப்பேசியை நுழைவாயில் மேசையில் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆண்களும் சிறுவர்களும் பங்கேற்கலாம்; தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் வரலாம். நடுவர் ஒவ்வொருவரிடமும் எத்தனை புள்ளி என்று கேட்பார். அடுத்த மலரிலிருந்து அட்டை வரைபவருக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு அளிக்கும் தொகையே ஊதியமாக அளிக்கப்படும் என்று செயற்குழுவில் நாங்கள் கொண்டுவந்த தீர்மானம் இரண்டு வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியிருக்கிறது. எதிர்த்து வாக்களித்தவர்களுள் பொருளாளரும் ஒருவர். அவருடன் எங்கள் வழக்கு தொடர்கிறது.